ராஜ்மா யாருடையது? (ஒரு தட்டைப்பயறு புராணம்)

டிசம்பர் காலாண்டுக் கணக்கு முடிக்கிற ரகளையில் ஒரு மாசமாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததும் வங்கி விஷயம் இல்லை, சமையல் விஷயம். குறிப்பு மட்டும் வேண்டும் என்பவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நடுவில் இருப்பதெல்லாம் சரித்திரம். பி.காம். படித்தவன் எழுதுகிற சரித்திரம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சங்கதி இதுதான். எட்டாவது படிக்கிற என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். உங்கள் குடும்பத்தின் பாரம்பரிய உணவு எது, அது எங்கிருந்து வந்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நாலு பக்கத்துக்குப் படத்தோடு எழுதிவர வேண்டும். அம்மணி யாரையும் கேட்கவில்லை. சார்ட் பேப்பரை விரித்து, 'ராஜ்மா சாவல்' என்று கலர் பென்சிலில் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டுவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தில்லியில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் ராஜ்மாதான். தங்கமணி அதைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் கற்றுக்கொண்டு, இன்றைக்கு அந்த ஆன்ட்டியே கிண்ணம் கொடுத்து அனுப்புகிற அளவுக்குச் செய்கிறார். (உண்மையைத்தான் சொல்கிறேன், பக்கத்தில் நின்று யாரும் எழுத வைக்கவில்லை.) அதற்கு முன்னால் நான் ஜம்முவில் மூன்று வருஷம் இருந்தபோது, ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் பீரா என்கிற இடத்தில் நிறுத்தி, நெய் மிதக்க ராஜ்மா சாவலும் மாதுளை விதைச் சட்னியும் சாப்பிடாமல் எந்தப் பயணமும் முடிந்ததில்லை. ஆக, எங்கள் குடும்பத்தின் உணவு ராஜ்மா என்று பிள்ளை எழுதினால் அது பொய்க்கணக்கு இல்லை.

ஆனால் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். என் அம்மா. அப்பா போனபிறகு, இரண்டு வருஷமாக எங்களோடுதான். பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தை விட்டு அதற்குமுன் ஒரு வாரத்துக்கு மேல் எங்கும் தங்கியிராதவர்.

"என்ன அம்மணி எழுதற?"

"ராஜ்மா சாவல், அப்பத்தா. நம்ம ஃபேமிலி ஃபுட்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, உங்கப்பன் போனதுக்கப்பறம் நானும் இங்க வந்துட்டேன். காட்டையும் வித்துப்போடலாங்கறே. கடைசீல எம்பட பேத்தி, நம்மூட்டுச் சோறு என்னன்னா ராஜ்மாங்கறா. அப்ப அங்க ஒண்ணுமே இல்லைன்னுதான அர்த்தம்?"

காடு என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் மானாவாரி நிலம். யானை புலியெல்லாம் இல்லை. மூன்றரை ஏக்கர். திருப்பூர் பக்கம் என்பதால் மனை போடுகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை விலை கேட்டு வருவார்கள். அப்பா இருந்தவரை சோளமும், அதற்குள் ஊடுபயிராகத் தட்டைப்பயறும் விதைப்பார். நம் சென்னை, தஞ்சாவூர் நண்பர்களுக்கு இது காராமணி. எங்கள் வீட்டில் தட்டைப்பயறும் கத்திரிக்காயும், தட்டைப்பயறும் அரசாணிக்காயும் போட்ட குழம்பு வாரத்துக்கு இரண்டு நாள். அரசாணிக்காய் என்பது பரங்கிக்காய்.

அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கணக்கு இடித்தால் பழைய லெட்ஜரை எடுத்துப் பார்ப்பது. இந்த ராஜ்மா யார், எப்போது கணக்கு ஆரம்பித்தார் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு வாரம் ராத்திரி தூக்கம் போனது.

முதல் விஷயம் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். ராஜ்மா, பீன்ஸ், பட்டர் பீன்ஸ் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ராஜ்மாவும் நாம் பொரியல் பண்ணுகிற பீன்ஸும் ஒரே செடி. பிஞ்சில் பறித்தால் பீன்ஸ், முற்றி உலர்ந்தால் ராஜ்மா. மெக்சிகோ பக்கம் ஒருமுறை, தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கம் தனியாக ஒருமுறை என்று மனிதர்கள் அதை இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பயிராக்கியிருக்கிறார்கள். கொலம்பஸ் 1492-ல் கப்பலில் போய் இறங்குகிற வரைக்கும் அட்லாண்டிக்குக்கு இந்தப்பக்கம் ஒருவருக்கும் அதன் முகம் தெரியாது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தது 1510. அதற்கப்புறம் வந்த சரக்குகளில் ஒன்றுதான் இது. மிளகாய், நிலக்கடலை, மரவள்ளி, கொய்யா, முந்திரி எல்லாம் அந்த வரிசைதான்.

இமயமலைச் சரிவு அதற்கு ஊர் மாதிரியே இருந்திருக்க வேண்டும். பதர்வா, சம்பா, ஹர்சில், முன்சியாரி என்று ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு நிறம், ஒரு ருசி. பதர்வா ராஜ்மாவுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டீஸ் மலைப் பிள்ளைக்கு ஜம்முவில் டோமிசைல் சர்ட்டிபிகேட் கொடுத்த மாதிரி :-)

இதுவரை சாதாரணம். இடித்தது பெயரில்தான்.

ராஜ்மா என்பது சமஸ்கிருத 'ராஜமாஷம்'. மாஷம் என்றால் உளுந்து. பஞ்சாபில் இன்றைக்கும் உளுத்தம்பருப்பு 'மாஹ்'. நகைக்கடன் பார்த்த வங்கிக்காரர்களுக்கு வேறு வழியிலும் இந்த மாஷத்தைத் தெரியும். 8 ரத்தி ஒரு மாஷா, 12 மாஷா ஒரு தோலா. ரத்தி என்பது நம் குன்றிமணி. எடை போடுவதற்கும் பயறும் மணியும்தான் நம் முன்னோருக்கு உதவியிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராஜமாஷம் என்கிற சொல் சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது. தானியங்களையும் பயறுகளையும் வரிசையாக வைத்து, எது வாயு, எது கபம் என்று சொல்கிற அத்தியாயத்தில் வருகிறது. கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டு முந்தைய நூல் அது. அமெரிக்காவே தெரியாத காலத்தில் அமெரிக்கப் பயறு எப்படி அந்தப் பட்டியலில் வரும்?

வரவில்லை. அங்கே ராஜமாஷம் என்று எழுதியிருப்பது வேறு ஆள். ஆயுர்வேதக்காரர்கள் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்குக் காட்டுகிற பயறு எது தெரியுமா? நம் தட்டைப்பயறு. லோபியா. காராமணி.

படித்ததும் ராத்திரி பதினொன்றரைக்கு எழுந்து நின்றுவிட்டேன். வங்கிப் பாஷையில் சொன்னால், பழைய வாடிக்கையாளர் பெயரில் இருந்த கணக்கு புதுசாக வந்தவர் பெயருக்கு மாறியிருக்கிறது. கையெழுத்தை யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. ராஜாவின் பயறு என்கிற பட்டம் தட்டைப்பயறுடையது. மெக்சிகோக்காரர் வந்து, பார்க்கவும் பெரிதாக, சிவப்பாக, ராஜா மாதிரி இருக்கப்போய், பட்டம் அவருக்குப் போய்விட்டது. பழைய ராஜா பாரசீக வழியாக வந்த 'லோபியா' என்கிற பெயரில் மளிகைக்கடையில் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 'லூபியா' என்கிற அரபுச் சொல் ஸ்பெயினுக்குப் போய் 'அலூபியா' ஆனது. அங்கேயும் அது முதலில் தட்டைப்பயறுதான்; இன்றைக்கு ஸ்பெயினில் அலூபியா என்று கேட்டால் அமெரிக்கப் பயறைத்தான் கொடுப்பார்கள். ரோமானியர்கள் 'ஃபசியோலஸ்' என்று எழுதிவைத்ததும் அநேகமாகத் தட்டைப்பயறு. 1753-ல் லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டும்போது அதை எடுத்து ராஜ்மாவுக்கு வைத்துவிட்டார். தாவரவியலில் அது இன்றும் ஃபசியோலஸ் வல்காரிஸ். ஆக மூன்று நாட்டில், மூன்று மொழியில், ஒரே ஆளின் பெயரை ஒரே ஆள் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

தமிழும் சளைத்ததில்லை. மிளகைப் பார்த்தே வந்ததால்தான் மிள'காய்'. உறைப்பு என்றால் அதுவரை மிளகுதான். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த காய்க்கு அதன் பெயரையே ஒட்டிவிட்டோம். தக்காளி என்பதும் முன்பு நம் ஊர்ச் சிறு செடிகளின் பெயர். மணத்தக்காளியில் இன்னும் மிச்சம் இருக்கிறது. கடல் தாண்டி வந்தது 'சீமைத் தக்காளி'யாக இருந்து, பிறகு சீமையை உதறிவிட்டுத் தக்காளியாகவே ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் அம்மாவிடம் போய் ஜெயித்தவன் மாதிரி சொன்னேன். "அம்மா, ராஜ்மாங்கற பேரே நம்ம தட்டைப்பயறுதும்மா. அது இடையில வந்தது. நம்முதுதான் அசல்." அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டார். பேத்தியைக் கூப்பிட்டு, "பாத்தியா அம்மணி, நம்ம பயறுதான் ராசாவாமா" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆடிட் புத்தி விடவில்லை. அப்படியானால் தட்டைப்பயறு எங்கே கணக்கு ஆரம்பித்தது என்று பார்த்தேன்.

ஆப்பிரிக்கா.

சந்தேகத்துக்கே இடமில்லை. அதன் காட்டு உறவினர்கள் எல்லாம் ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் 3500 வருஷத்துக்கு முந்தைய குடியிருப்புகளில் அதன் பயறு கரிந்த நிலையில் கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில், அரபிக்கடல் கரையோரமாக மெல்ல மெல்லக் கைமாறி, இந்தியாவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எந்த ராஜா, எந்தக் கப்பல் என்று பெயர் கிடையாது. கரையோர மீனவர்களும் ஆடுமாடு மேய்த்தவர்களும் மடியில் முடிந்து கொண்டுவந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அது தனியாகவும் வரவில்லை. சோளம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கம்பு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா மலைப் பக்கம். எல்லாம் ஏறக்குறைய ஒரே சீசனில் வந்த கூட்டம். மொச்சை, அவரைக்கும் காட்டு மூதாதை அங்கேதான் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. கம்பங்கூழ், ராகிக்களி, சோளச்சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு என்று 'பாரம்பரிய உணவு' போர்டு மாட்டுகிற கடையில் பாதி மெனு ஆப்பிரிக்கா. மீதியில் மிளகாயும் கடலைச் சட்னியும் அமெரிக்கா.

இதில் என்னை அதிகம் கலக்கிய விஷயம் வேறு. நைஜீரியா, நைஜர் பக்கத்து வறண்ட நிலங்களில் இன்றைக்கும் சோளத்துக்கும் கம்புக்கும் நடுவே ஊடுபயிராகத் தட்டைப்பயறுதான் போடுகிறார்கள். மேலே சோளம் நிழல் கொடுக்கும், கீழே பயறு படர்ந்து மண்ணின் ஈரத்தைக் காக்கும், வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், பயறு மனுஷனுக்கு, கொடி மாட்டுக்கு. எங்கள் அப்பா செய்தது அச்சு அசலாக இதுதான். பல்லடத்தில் எங்கள் மூன்றரை ஏக்கரில் இருந்தது 'நம்மூர்' விவசாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆப்பிரிக்காவின் சாஹேல் காட்டை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி இருந்திருக்கிறது.

அப்போது நமக்கே நமக்கென்று ஒன்றும் இல்லையா? இருக்கிறது. கொள்ளும் பாசிப்பயறும் இந்த மண்ணிலேயே பயிரானவை. கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கம் சங்கனகல்லு மாதிரியான புதிய கற்கால ஊர்களில் 4000 வருஷத்துக்கு முந்தைய கொள்ளும் பாசிப்பயறும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. துவரை, மத்திய இந்தியாவுக்கும் ஒடிசாவுக்கும் சொந்தம். முருங்கை இமயமலை அடிவாரத்துக்காரர். அதாவது அவர் வடக்கத்தியார், தெற்கே வந்து செட்டில் ஆனவர். நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்து செட்டில் ஆன மாதிரி.

புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் வரகு, தினை, கொள், அவரை என்ற நாலைச் சொல்லி, இவற்றைத் தவிர வேறு உணவே இல்லை என்கிற அர்த்தத்தில் பாடியிருக்கிறார். அந்த நாலில் அவரை வெளியூர்க்காரர் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் பாடும்போதே அது வந்து ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆகியிருக்கும். நம் காரடையான் நோன்பு அடையில் காராமணி இல்லாமல் நடக்குமா? சாவித்திரி நோன்பில் படைக்கிற பயறு கானா நாட்டுப் பயறு.

இந்தப் பயறு இன்னொரு பயணமும் போயிருக்கிறது. அது சந்தோஷமான பயணம் இல்லை. அட்லாண்டிக் அடிமைக் கப்பல்களில் ஆப்பிரிக்கர்களுக்குப் போடுகிற தீனியாகத் தட்டைப்பயறை மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். பிழைத்து இறங்கியவர்கள் குடிசைக்குப் பக்கத்தில் கிடைத்த மண்ணில் அதை விதைத்தார்கள். பிரேசிலின் பாகியாவில் தெருவோரத்தில் 'அகராஜே' என்று ஒரு பண்டம் விற்கிறார்கள். ஊறவைத்த தட்டைப்பயறைத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயம் சேர்த்து, எண்ணெயில் பொரித்து எடுப்பது. நைஜீரியாவில் அதன் பெயர் 'அகரா'. நாம் பார்த்தால் வடை என்போம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் புத்தாண்டு அன்றைக்குத் தட்டைப்பயறும் கீரையும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் வருஷம் நன்றாயிருக்கும் என்று நம்பிக்கை. பயறு சில்லறைக் காசாம், கீரை டாலர் நோட்டாம். ஒரு வங்கிக்காரனாக இந்த ஐதீகத்தை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

கையில் இவ்வளவும் சேர்ந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் 'நம்முது அசல்' என்று சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் அவர் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். இப்போது போய், அதுவும் வெளியூர்தான் என்று எப்படிச் சொல்வது? மகளோ ப்ராஜெக்டில் 'எங்கிருந்து வந்தது' என்கிற கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். தங்கமணி, "பொய் எழுதச் சொல்லாதீங்க, மிஸ் கூகிள் பண்ணிப் பாப்பாங்க" என்று எச்சரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அங்க எப்படி வெதைக்கறாங்க? சோளத்துக்குள்ளயா, தனியாவா?"

செல்போனில் ஒரு வீடியோ தேடி எடுத்துக் காட்டினேன். நைஜீரியாவில் எங்கோ ஒரு காடு. செம்மண். சோளத்தட்டு ஆளுயரம் நிற்கிறது. நடுவில் குனிந்து, தலைத்துணி கட்டிய இரண்டு பெண்கள் உலர்ந்த காயாகப் பார்த்துப் பறித்து இடுப்பு மடியில் போட்டுக்கொள்கிறார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை என் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு பார்த்தார்.

"மடி கட்டியிருக்கறது பாரு அம்மணி, நாங்களும் இப்படித்தான் கட்டுவோம். ஆனா சாலு ரொம்ப நெருக்கமா உட்டிருக்கறாங்க. கொடி எப்படிப் படரும்?"

அப்புறம் பேத்தி கேள்வி கேட்க, அப்பத்தா பதில் சொல்ல, ஒன்றரை மணி நேரம் போனது. எந்தப் பட்டத்தில் விதைப்பது, முதல் பறிப்பு எத்தனை நாளில், வண்டு விழாமல் இருக்கப் பயறை எப்படிச் செம்மண் கட்டிக் காயவைத்து மொடாவில் போட்டு வைப்பது. இதெல்லாம் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கே பாதி தெரியாது. நான் பிளஸ் டூ, பி.காம்., பேங்க் எக்ஸாம் என்று ஓடியதில் காட்டுக்குள் கால் வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ப்ராஜெக்டில் 'யார் சொல்லிக்கொடுத்தார்கள்' என்ற கட்டம் அன்றைக்கே நிரம்பி, பின்பக்கமும் வழிந்தது.

காட்டைப் பற்றியும் ஒரு தீர்மானம் ஆனது. இந்த வருஷம் விற்பதில்லை. பங்காளி ஒருவரிடம் வாரத்துக்கு விட்டு, புரட்டாசியில் சோளமும் தட்டைப்பயறும் விதைக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த வருஷம் என்னவோ, அது அடுத்த வருஷத்துப் பேச்சு. வட்டி, விலையேற்றம் எல்லாம் போட்டுப் பார்த்தால் விற்று டெபாசிட் போடுவதுதான் லாபம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை அம்மாவிடம் காட்டவில்லை.

ப்ராஜெக்டுக்கு ஒரு பதார்த்தம் வேண்டுமே. கத்திரிக்காய்க் குழம்பை அம்மா சொன்னார். மகளுக்குக் கத்திரிக்காய் ஆகாது. அந்த வாரம் மண்டியில் பாலக் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. தில்லி ஜனவரியில் கீரைக்குக் குறைவே இல்லை. பக்கத்திலேயே 'சோயா' என்று ஊசி ஊசியாக, வாசனையாக ஒரு கீரை. பல வருஷம் அது என்ன என்றே தெரியாமல் தாண்டிப் போயிருக்கிறேன். அம்மா ஒரு இணுக்கைக் கிள்ளி மோந்துவிட்டு, "இது சதகுப்பையாட்டம் இருக்குது" என்றார். அதேதான். நாட்டுமருந்துக் கடையில் பிள்ளை பெற்றவர்களுக்கு விதையாக வாங்குவோமே, அதன் இலை. ஊரில் மருந்து, இங்கே கறிகாய்.

பாலக் விஷயத்தில் ஒரு தகவல். இங்கே 'தேசி பாலக்' என்று வழவழ இலையோடு விற்பது பீட்ரூட் குடும்பம். 'விலாயதி' என்று சொல்கிற சுருக்கம் விழுந்த ரகம்தான் பாரசீகத்திலிருந்து வந்த அசல் ஸ்பினாச். கி.பி. 647-லேயே நேபாள ராஜா அதைச் சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக அனுப்பியிருக்கிறார் என்றால், நம் பக்கம் எப்போதோ வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் குறிப்புக்கு எது கிடைத்தாலும் சரி.

இனி சமையல். ராஜ்மா போல முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட மறந்து தலையில் கை வைக்க வேண்டியதில்லை. ராஜ்மாவைக் கட்டாயம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கக் கொதிக்க வேகவைக்க வேண்டும். அதில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்று ஒரு நச்சுப்பொருள் உண்டு. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம். மலைமேல் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் பதர்வாவில் பாத்திரத்தை அடுப்பில் மணிக்கணக்காக வைத்திருப்பார்கள். பிரஷர் குக்கர் வந்த பிறகுதான் ராஜ்மா நகரத்துக் குடும்பங்களின் தினசரிச் சாப்பாடு ஆகியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். தட்டைப்பயறில் இந்தத் தொல்லை இல்லை. ஆபீஸிலிருந்து ஏழு மணிக்கு வந்தால் எட்டுக்குத் தட்டில் இருக்கும்.

ஒரு டம்ளர் தட்டைப்பயறைக் கல் பார்த்து, வெறும் வாணலியில் வாசனை வருகிற வரை வறுத்துக்கொள்ளுங்கள். இதுதான் அம்மாவின் ரகசியம். வறுத்தால் ஊறவைக்காமலே சீக்கிரம் வேகும், பச்சை வாடையும் போய்விடும். கழுவி, மூன்று டம்ளர் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு குக்கரில் ஐந்து விசில். உப்பு இப்போது வேண்டாம். அது வேகிற நேரத்தில் பாலக் ஒரு கட்டு, சதகுப்பைக் கீரை கால் கட்டு, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எல்லாம் மண் போக மூன்று தண்ணீர் அலசிப் பொடியாக நறுக்குங்கள். சின்ன வெங்காயம் பதினைந்து (தில்லிவாசிகளுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்), பூண்டு ஆறு பல், வரமிளகாய் மூன்று.

வாணலியில் கடலெண்ணெய் இரண்டு கரண்டி. கடுகு, சீரகம், கிள்ளின மிளகாய், தட்டின பூண்டு, வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் வெந்த பயறைக் கொஞ்சம் தண்ணீரோடு கொட்டி, உப்புப் போட்டு, ஒரு கரண்டிப் பயறை மட்டும் மசித்துவிடுங்கள். குழம்பு சேர்ந்தாற்போல வரும். கொதி வந்ததும் பாலக். மூடி போடக் கூடாது, பச்சை நிறம் செத்துவிடும். மூன்று நிமிஷம் போதும். அடுப்பை அணைத்த பிறகுதான் சதகுப்பையும் கொத்தமல்லியும். கடைசியில் அரை மூடி எலுமிச்சை. சோறு, சப்பாத்தி, கம்பு ரொட்டி எதற்கும் ஒத்துப்போகும். ராஜஸ்தான் பக்கத்துக் கம்பு மாவு இங்கே பனிக்காலத்தில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அம்மாவுக்கு அதில்தான் இப்போது ஆசை.

மகள் இதைப் படமெடுத்து ஒட்டி, தலைப்பை அடித்துவிட்டு வேறு எழுதினாள். 'எங்கிருந்து வந்தது' என்ற கட்டத்தில் கானா, அரபிக்கடல், பல்லடம், தில்லி என்று அம்புக்குறி போட்டு வரிசையாக எழுதியிருந்தாள். ராஜ்மாவை முழுக்க விட்டுவிட மனசு வரவில்லை போலிருக்கிறது, ஓரத்தில் சின்னதாக அதன் படமும் இருந்தது, 'பெயரை வாங்கிக்கொண்டவர்' என்ற குறிப்போடு.

அம்மா அன்றைக்கு ராத்திரி இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து சொன்னது: "நல்லாத்தான் இருக்குது சாமி. அடுத்த தடவ அந்தச் சதகுப்பையக் கம்மியாப் போடுங்க, மருந்து வாசம் வருது."

உங்கள் வீட்டில் தட்டைப்பயறை எந்தக் கீரையோடு செய்கிறீர்கள்? மும்பை நண்பர்கள் 'சவ்ளி' கீரையும் பயறும் ஒன்றாகச் செய்வதாகக் கேள்வி. தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.